ஒரு கழுவல் குறைவு

ஷாக் அக்கா எங்கே என்று கேட்டால் அந்தக் கட்டடத்தில் யாராக இருந்தாலும் நாலாவது மாடிக்குக் கை காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், வாட்ச்மேன்கூடத் தலையைச் சொறிவார். செல்களுக்குக் கரண்ட் கொடுப்பது அவள் உத்தியோகம். கேட்கிறவர்கள் ஏதோ சித்திரவதைக் கூடம் என்று நினைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. கண்ணுக்கே தெரியாத பாக்டீரியா செல். அதற்குள் ஒரு புது மரபணுவை அனுப்ப வேண்டும். அதுவோ மருந்து வேண்டாமென்று வாயை இறுக மூடிக்கொள்ளும் குழந்தை மாதிரி அடம் பிடிக்கும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோகும் ஒரு ஷாக் கொடுத்தால் அதன் தோலில் பொடிப் பொடியாக ஓட்டை விழும். மரபணு உள்ளே போய்விடும், ஓட்டையும் தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ளத் தெரியாதது செத்துப்போகும். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு வில்லன் உண்டு. உப்பு. செல் வளர்கிற திரவத்தில் உப்பு இருக்கும். அது துளி மிச்சம் இருந்தாலும் போச்சு, கரண்ட் ஒரேயடியாகப் பாய்ந்து 'டப்'பென்று பொறி பறக்கும். குவெட் என்று சொல்கிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் டப்பியின் மூடி எகிறும். உள்ளே இருந்த செல் மொத்தமும் வெந்து போய்விடும். அதனால்தான் ஷாக்குக்கு முன்னால் செல்லை ஐஸ் தண்ணீரில் கழுவ வேண்டும். சுழற்றுகிற மெஷினில் வைத்துச் சுற்று, மேலே தெளிந்த தண்ணீரைக் கொட்டு, புதுத் தண்ணீர் ஊற்று, நோகாமல் கலக்கு. பிறகு இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை. படித்த பிள்ளைகள் இரண்டோடு போதும் என்று விட்டுவிடுவார்கள், பொறி பறந்ததும் ஐயோ அப்பா என்று அலறுவார்கள். ஷாக் அக்கா மூன்று தடவை கழுவுவாள். நடுவில் போன் வந்தால் எடுக்க மாட்டாள், யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கையில் ஒரு பொறி பறந்ததில்லை. அந்த ஆய்வுக்கூடத்தில் அது ஒரு பெருமை. வெளியூரிலிருந்து யாராவது பார்க்க வந்தால், "எங்க அக்கா கையில ஷாக் மெஷின் வாயே திறக்காது" என்று காட்டுவார்கள்.

வீடு என்றால் அண்ணன் வீடு. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம், நோயாளியையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று காபியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். அப்பா போன பிறகு வருவதற்கே ஆள் இல்லை. நாற்பதும் தாண்டிவிட்டது. அண்ணி நல்லவள், வாய்தான் கொஞ்சம் நீளம். "உன் மெஷினுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டுல எனக்கு உண்டா? அதுக்குத் தினம் துடைச்சு உறை போட்டு விடுற. எனக்கு ஒரு நாள் தலை வாரி விட்டிருக்கியா?" என்பாள். இவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

மெஷினை அவள் துடைத்துத் துடைத்து வைத்ததற்குக் காரணம் வேறு. அது அண்ணிக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. மெஷின்காரர் வருவார் என்பதுதான் காரணம்.

மெஷின்காரர் என்பவர் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆள். ஒரு ராத்திரி ரயில் பயணத் தூரத்தில் இருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். முன்நெற்றி ஏறி, மீசையில் பாதி வெளுத்த மனிதர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. தன் அக்கா வீட்டு மாடியில் ஒண்டிக்கட்டையாக இருக்கிறார். வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு மெஷின் ப்ளக்கைப் பிடுங்குவார். உடனே திறக்க மாட்டார். ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே தேங்கிய கரண்ட் அப்படியே இருக்குமாம், கை வைத்தால் ஆளையே தூக்கி அடிக்குமாம். அது வடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். இவளும் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். ஏனென்றால் அறையில் ஒரு ஆள் துணைக்கு இருக்க வேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதின புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

அந்த நேரத்தில்தான் அவர்கள் பேசியதெல்லாம். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. "ரயில்ல தூங்கினீங்களா?" "எங்க, பக்கத்துல ஒருத்தர் குறட்டை, வண்டிச் சத்தமே கேக்கல." இப்படித்தான். ஒரு தடவை அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, "ஏங்க, விரல் எல்லாம் நீலமா இருக்கு?" என்று கேட்டார். நாள் முழுக்க ஐஸில் புழங்குகிற கை அப்படித்தான் இருக்கும், அவளே அதைக் கவனித்து வருஷங்கள் ஆகின்றன. அடுத்த வருஷம் வரும்போது மெல்லிய கம்பளிக் கையுறை ஒரு ஜோடி கொண்டுவந்தார். "ரப்பர் கையுறைக்கு உள்ளாற போட்டுக்கலாம். அளவு கண்ணாலதான் பாத்தேன், சரியா இருக்கான்னு பாருங்க." கச்சிதமாக இருந்தது. ஒருவர் தன் கையைக் கண்ணாலேயே அளந்து, அந்த அளவை ஒரு வருஷம் மனதில் வைத்திருந்தார் என்பதை நினைத்து அன்று அவள் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவற விட்டாள்.

சரி, இவ்வளவு ஆசை இருக்கிறதே, ஒரு வார்த்தை சொன்னாளா என்றால் இல்லை. அவராவது சொன்னாரா என்றால் அவரும் இல்லை. எனக்கே எரிச்சலாகத்தான் வருகிறது. இரண்டு பேரும் மரியாதை மரியாதை என்று மரியாதையிலேயே காலத்தைத் தள்ளினார்கள். அவர் போன மறுநாளே அவள் அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்க ஆரம்பிப்பாள். ராத்திரி பாத்திரம் கழுவும்போது, கரண்ட் வடிகிற நேரத்தில் அடுத்த தடவை என்ன பேசலாம் என்று யோசிப்பாள். வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்ததை எல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்ததும் மறந்துவிடுவாள்.

இந்த வருஷம் அவர் வர வேண்டிய மாதம் வந்தது, அவர் வரவில்லை. கூடத்துத் தலைவி ஒரு பேராசிரியை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சுடுதண்ணி மேடம். அவரிடம் பட்டும் படாமலும் கேட்டாள்.

"மேடம், இந்த வருஷம் சர்வீஸுக்கு ஆள் வரலையே?"

"அந்த ஒப்பந்தத்தை நிறுத்தியாச்சு. வருஷா வருஷம் வந்து நல்ல மெஷினைத் திறந்து பாத்து மூடிட்டுப் போறான். எதுக்கு? கெட்டுப் போனா கூப்பிட்டுக்கலாம்."

அவள் சரி மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கெட்டுப் போனால்தான் வருவார். அவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிற மெஷின் எங்கே கெட்டுப் போகப் போகிறது? அதாவது இனிமேல் அவர் வரவே போவதில்லை. கூடத்துக்குத் திரும்பி வந்து செல்லைக் கழுவ உட்கார்ந்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, மனசு அந்த எதிர் ஸ்டூலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மூக்குக்கண்ணாடியின் மரபணு. மூக்குக்கண்ணாடி என்பது ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, மாதக்கணக்கில் மெனக்கெட்டு அதைச் செய்திருந்தாள். அக்கா குவெட்டில் ஊற்றி, வெளிப்பக்க ஈரத்தைத் துடைத்து, மெஷினில் செருகிப் பொத்தானை அழுத்தினாள்.

டப்!

மூடி எகிறி மேசைக்கு அடியில் போய் விழுந்தது. மூக்குக்கண்ணாடி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த அறையிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள், சத்தம் அக்காவின் அறையிலிருந்து வந்தது என்பதை நம்ப முடியாமல். அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. மூன்றாவது கழுவல். அதைச் செய்யவே இல்லை. வாயைத் திறந்து சொல்வதற்குள் சுடுதண்ணி மேடம் வந்து நின்று, "உன் கையிலயா? உன் கையில பொறி பறந்தா அது மெஷின் கோளாறுதான். சர்வீஸைக் கூப்பிடுங்க" என்றார்.

சர்வீஸைக் கூப்பிடுங்க. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவள் நெஞ்சு குதித்த குதியில், சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டாள். அழுகிற மூக்குக்கண்ணாடியைக் கட்டிப் பிடித்துச் சமாதானம் செய்தாள். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. பாதி வெட்கம், பாதி சந்தோஷம்.

கம்பெனிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? ஒரு பொறிக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது, மறுபடி நடந்தால் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. மறுபடி நடந்தது. நடக்க வைத்தாள். தெரிந்தே கடைசிக் கழுவலை விட்டாள். யார் வயிற்றிலும் அடிக்கக் கூடாது என்று, பழகுவதற்கு வைத்திருக்கும் உபரி மரபணுவைத்தான் போட்டாள், அந்த மட்டுக்கு நியாயம் அவளிடம் இருந்தது. டப். ஒரு வாரம் கழித்து இன்னொரு டப். ஒவ்வொரு தடவையும் முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்வது, ஷாக் கொடுப்பதைவிடச் சிரமமான வேலையாக இருந்தது. மூக்குக்கண்ணாடி மட்டும் மிச்சம் இருந்த கொஞ்சம் மரபணுவைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, மெஷின் எப்பக்கா சரியாகும்?" என்று தினமும் வந்து நின்றாள். அப்போதெல்லாம் அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை, எதிரில் உட்கார்ந்து, அந்தக் கரண்ட் வடிகிற நேரம் முழுவதும் பார்க்க வேண்டும்.

பாருங்கள், அங்கேதான் விஷயம் கையை விட்டுப் போனது. மூன்றாவது பொறிக்குப் பிறகு சுடுதண்ணி மேடம் பொறுமை இழந்தார்.

"போதும் இதோட மல்லுக்கட்டினது. பழைய மாடல், இதைக் கழிச்சுட்டு வேற கம்பெனி மெஷின் வாங்கிடலாம். சர்வீஸ் ஆள் வந்து இது தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம். அவன் வந்து சொல்லிட்டுப் போகட்டும்."

வேற கம்பெனி மெஷின் என்றால் வேற கம்பெனி ஆள். அவர் வரப்போகிறார், அதுவும் கடைசித் தடவையாக. வரவழைக்க அவள் செய்ததே வரவிடாமல் அடிக்கப் போகிறது. சொல்லி அழவும் ஆள் இல்லை. அண்ணி கேட்டாள், "என்னடி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" "மெஷின் சரியில்ல அண்ணி." "மெஷினுக்கா இந்தப் பாடு? எனக்கு உடம்பு முடியாமப் போனப்பகூட நீ இப்படி இல்லையே."

அவர் வந்த நாளில், இதுவரை நடந்த நாடகம் குலைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் காலையிலேயே ஒரு கழுவல் குறைவாகச் செல் தயார் செய்து ஐஸில் வைத்திருந்தாள். வைத்த பிறகு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கொட்டிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தாள், இரண்டு தடவையும் திரும்ப வைத்தாள்.

அவர் பையைக் கீழே வைத்தார். ப்ளக்கைப் பிடுங்கினார். உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை சுடுதண்ணி மேடமும் அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றதால், ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவர் கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டைக் காலர் நைந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திறந்தார், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், மூடினார். குவெட்டில் வெறும் சுத்தத் தண்ணீரை ஊற்றி ஷாக் கொடுத்தார். மெஷின் பொறி விடாமல் 'பீப்' என்று சாதுவாகச் சொன்னது. மறுபடி கொடுத்தார். பீப். அவர் பார்வை ஐஸ் பெட்டியில் இருந்த செல் டியூபுக்குப் போனது. அங்கிருந்து அவளுக்கு வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னப்பா, தேறுமா தேறாதா?" என்றார் மேடம்.

மெஷின்காரர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "பழசாயிடுச்சு மேடம். தண்ணிக்கு ஒழுங்கா இருக்கும், செல்லுக்குப் பொறி விடும். சில சமயம் இப்படித்தான். மெஷின் மேலதான் கோளாறு. கழிச்சுடுங்க" என்றார்.

பொய். அவர் வாயிலிருந்து ஒரு பொய்யை அவள் கேட்டதே இல்லை. யாருக்காக என்று அவளுக்குத் தெரியாதா? அவள் பேர் கெட்டுவிடக் கூடாது என்று, ஒரு குறையும் இல்லாத மெஷினை, தான் இங்கே வருவதற்கு இருந்த ஒரே சாக்கை, அவரே குழி தோண்டிப் புதைக்கிறார். வாயைத் திறந்தால் இத்தனை வருஷப் பேர் போச்சு, திறக்காவிட்டால் அவர் போச்சு.

"மெஷின் மேல தப்பில்ல மேடம்."

குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"நான்தான் கடைசிக் கழுவலை விட்டுட்டேன். உப்பு நின்னுடுச்சு. இன்னைக்கு மட்டும் இல்ல, எல்லாத் தடவையும். மெஷின் நல்லாத்தான் இருக்கு. கழிக்க வேண்டாம்."

"எல்லாத் தடவையுமா? ஏன்?"

"மறதி மேடம்."

சுடுதண்ணி மேடம் பெயருக்கு ஏற்றபடி கொதித்தார். அந்தப் பெண்ணின் உழைப்பு வீணாகப் போனதைச் சொன்னார், கம்பெனி முன்னால் மானம் போனதைச் சொன்னார். கடைசியில், "இனிமே நீ கழுவுறப்ப மூக்குக்கண்ணாடி பக்கத்துல நின்னு பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த மூக்குக்கண்ணாடி அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். திட்டைவிட அந்தப் பார்வைதான் வலித்தது. ஆனாலும் அடியாழத்தில் ஒரு நிம்மதி. மெஷின் இருக்கிறது. மெஷின் இருந்தால் என்றைக்காவது அவர் வருவார்.

அவர் பையைக் கட்டினார். லிஃப்ட் வரைக்கும் கூடப் போனாள். பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு பேரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மறதின்னு சொன்னீங்க" என்றார்.

"ஆமா."

"உங்களுக்கா?"

அவள் லிஃப்ட் கதவைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க வரணும்னுதான்."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷமாகச் சொல்ல முடியாதது மூன்று வார்த்தைகூட இல்லை. அவர் கையில் இருந்த பையைக் கீழே வைத்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னைத் தலைமை ஆபீஸுக்கு மாத்தறேன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. நான் அக்காவுக்கு உடம்பு சரியில்ல, அது இதுன்னு சாக்கு சொல்லித் தள்ளிட்டே வந்தேன். அக்கா நல்லாத்தான் இருக்கா. அங்க போயிட்டா இந்தப் பக்கம் வர முடியாது, அதான்." லிஃப்ட் நம்பர் எரிகிறதா என்று பார்த்தார். "போன வாரம் இந்த மெஷினைக் கழிக்கப் போறாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. இனிமே அந்த ஊருக்குப் போக நமக்கு என்ன இருக்குன்னு தோணுச்சு. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"மாத்த முடியாதா?"

"என் இடத்துக்கு ஆளே வந்தாச்சுங்க. இந்த மாசக் கடைசியில கிளம்பணும்."

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பல வருஷம் அசையாமல் இருந்த மனிதரை அவளே போய்த் தள்ளிவிட்டிருக்கிறாள். ஒரு கழுவல், ஒரே ஒரு கழுவல்! அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். கண் கேட்கவில்லை.

"என் நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு."

"ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேனே. அதுக்கு மெஷின் எதுக்குக் கெட்டுப் போகணும்?"

"எதுக்குக் கூப்பிட்டேன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

லிஃப்ட் வந்தது. உள்ளே ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள், யாரோ சீக்கிரம் ஏறுங்க என்றார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு ஏறினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவு மூடிக்கொண்டது.

அவள் அங்கேயே நின்றாள். கூடத்தில் கழுவ வேண்டிய செல் காத்திருந்தது. மூக்குக்கண்ணாடி கதவருகில் வந்து நின்று, "அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டாள். அவள் கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபோது, அவர் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மணி அடித்தது. அவர் நின்றார். பையை வைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க."

சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. மெஷின் நன்றாக இருந்தது.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

அவர் திரும்பி, எந்த ஜன்னல் என்று தெரியாமல் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்கவில்லை.

"நான் இங்கயேதான் நிக்கிறேன்" என்றார்.